கழுவக் கூடாத கிண்ணங்கள்

அந்த வாரம் முழுவதும் நான் எறும்புகளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்த் தோலிலிருந்து பிளாஸ்டிக் செய்து பார்த்தால் சிரிப்பு வராது. சிப்ஸ் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கழிக்கும் தோலை வாங்கி வந்து உலர்த்திப் பொடித்து, குலை வெட்டியபின் தோட்டத்தில் கிடந்து அழுகும் வாழைத்தடை என்ற அடிமரத்தின் நாரை அரைத்துச் சேர்த்து, கிளிசரினும் கொஞ்சம் வினிகரும் விட்டுக் காய்ச்சினால் கொழுக்கட்டை மாவு பதத்தில் பழுப்பாக ஒன்று திரண்டு வரும். அதைச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால் கிண்ணம். கிளிசரின் இனிக்கும் என்பது வேதியியல் படிக்காத எறும்புக்கும் தெரியும். அதனால் கிண்ணங்கள் இருந்த மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்த் தட்டங்களில் நிறுத்தியிருந்தேன். போகும்போதும் வரும்போதும் குனிந்து தட்டங்களைப் பார்ப்பேன்.

எறும்பு போனால் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு மழைக்காலம் முடிந்த ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஈரக் காற்று பட்டால் கிண்ணத்தில் பூஞ்சை பூக்கும். மழை விட்டால் மின்சாரம். அச்சு பாதி அழுத்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளே இருப்பது கருகி ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒன்று மாற்றி ஒன்று. கவலைப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறவிக் குணம்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் சேராமல் துறையையே மூடிவிட்டார்கள். அதன்பிறகுதான் பூட்டிக் கிடந்த ஒரு முந்திரி ஆலையின் ஷெட்டை எடுத்து இந்த வேலையைத் தொடங்கினேன். முதலில் சோப்புப் பெட்டி செய்தேன். அது குளியலறையில் சோப்பைவிடச் சீக்கிரம் கரைந்தது. பிறகு சீப்பு. எங்கள் ஊர்ப் பெண்களின் தலைமுடிக்கு முன்னால் அதன் பற்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் "இப்பம் என்ன செய்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே சிரிக்கத் தொடங்கினார்கள்.

திருவிருந்துக் கிண்ணம் என்ற யோசனை வந்தது எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன் வரிசையாக முழங்கால் படியிட்டு ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு திராட்சைரசமும் வாங்குவோம். முன்பு ஒரே வெள்ளிக் கிண்ணம் எல்லார் வாய்க்கும் வரும். கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம், கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். ஆண்டவருடைய பந்தியில் தொட்டதைக் குப்பை வண்டியில் போட யாருக்கும் மனசு வராது. அதனால் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அவற்றை வாளியில் அள்ளிப் பின்பக்கம் கொண்டுபோய் எரிப்பார். கடைசிப் பாட்டு பாடும்போது அந்த நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆண்டவரைத் துதிப்போம். புதைத்தால் மண்ணோடு மண்ணாகிற கிண்ணம் செய்தால் என்ன என்று தோன்றியது. ஆறிய ரசம், ஒரே மடக்கு, சில நிமிடம். சோப்புப் பெட்டியால் முடியாதது இதற்கு முடியும்.

அச்சு செய்து, பல மாதம் சோதித்து, ரசம் ஊறாமலிருக்க உள்பக்கம் தேன்மெழுகு பூசினேன். மார்த்தாண்டத்துத் தேன்காரர்களிடம் மெழுகுக்குப் பஞ்சமில்லை. ரசம் விட்டு ஒரு மணிநேரம் வைத்தும் அடி இளகவில்லை. சபைக் கமிட்டி ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்றது. நன்றாக இருந்தால் மாதாமாதம் எடுப்பார்கள், எங்கள் வட்டாரச் சேகரத்தில் உள்ள மற்ற சபைகளும் எடுக்கும், அந்த ஞாயிறு அவர்களிடமிருந்தும் ஆள் வந்து பார்க்கும் என்று போதகர் சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் கிண்ணத்தைப் பற்றி. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

என் கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். எங்கள் மகள் நடக்கப் பழகியதை அவர் போனில்தான் பார்த்தார். அவளுக்கு இப்போது மீசை முளைக்காத குறைதான், அவ்வளவு அதிகாரம், அந்த அதிகாரத்தையும் போனில்தான் அவர் அனுபவிக்கிறார். அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் சில வருடம் அங்கே. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. கிண்ணத்தை சபை எடுத்துக்கொண்டால் தொழில் காலூன்றிவிடும், அவர் புதுப்பிக்காமல் வந்துவிடுவார். எடுக்காவிட்டால் கையெழுத்துப் போடுவார். எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்போம். ஞாயிறு அங்கே வேலை நாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீ ஆராதனை முடிஞ்சு விளி. அது வரைக்கும் நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

அத்தான் ஊருக்கு வருவது ஒரு கிண்ணத்தின் அடியில் நிற்கிறது என்று தெரிந்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கிண்ணங்களைப் பெட்டிகளில் அடுக்கிக் கோயிலில் கொண்டுபோய் வைத்தேன். சபைச் செயலரிடம் எல்லாம் சொன்னேன். ஈரம் படக் கூடாது, சூடு படக் கூடாது, ரசத்தை முன்கூட்டியே ஊற்றி வைக்கக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். உட்கார முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே, பெட்டிகளுக்குப் பக்கத்தில் எறும்பு ஏதும் போகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் எனத் திரும்பவும் போனேன்.

கோயில் முற்றத்தில் பெண்கள் சங்கத்தார் கூடியிருந்தார்கள். திருவிருந்துக்கு முந்தின நாள் கோயிலைக் கழுவித் துடைத்து, பீடத்து விரிப்பைத் தேய்த்து மடிப்பது அவர்கள் பொறுப்பு. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ். ஊரே நர்ஸ் அக்கா என்று கூப்பிடும். அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையசைத்தார்.

"வா மக்கா, நல்ல சமயத்துக்கு வந்த. பாத்தியா? உனக்க கிண்ணமெல்லாம் கழுவி எடுத்தாச்சு. நல்லா கொதிச்ச வெள்ளம். நானே நின்னு முக்கி எடுத்தேன்."

அவருக்குப் பின்னால் ஒரு புதுப் பாய் விரித்திருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி. அதன்மேல் என் கிண்ணங்கள். சில சப்பையாகப் படுத்திருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து அண்டாவில் தண்ணீர்மேல் தேன்மெழுகு மஞ்சள் ஆடையாக மிதந்தது.

கோயில் படியிலேயே உட்கார்ந்தேன்.

"அக்கா, இது கழுவக் கூடாததாக்கும்."

"கழுவக் கூடாத கிண்ணமா? அப்பிடி ஒண்ணு உண்டா?" என்றார் அவர். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "கர்த்தருக்க பந்திக்கு உள்ளதில்லியா? ஷெட்டில கிடந்தத அப்பிடியே தூக்கி வைக்கப் பற்றுமா?"

கடையிலிருந்து வரும் புதுத் தட்டத்தையே மூன்று முறை கழுவாமல் சோறு போடாத ஊர் இது. பந்திக் கிண்ணத்தை அவர்கள் கழுவாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். அதுவும் ஆயுள் முழுவதும் ஊசியைக் கொதிக்க வைத்த கை. சூடு ஒன்றைத்தான் நான் சோதிக்காமல் விட்டிருந்தேன், ஆறிய ரசத்துக்கு எதற்குச் சூடு? செயலரிடம் சொல்லத்தான் செய்தேன். ஆனால் ஆண்கள் கமிட்டியில் ஆட்டுகிற தலை, பெண்கள் பாத்திரம் கழுவும் இடம்வரை வந்து சேர்வதில்லை.

நர்ஸ் அக்கா காய்ந்திருக்கும் என்று நினைத்து ஒன்றை எடுத்தார். அது விரல்களுக்கு நடுவில் மடிந்து தொங்கியது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"எனக்க ஏசுவே" என்றார்.

செயலரை வரவழைத்தார்கள். அவர் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "விடுங்க டீச்சர். பழைய பிளாஸ்டிக் பாக்கெட்டு அலமாரியில கெடக்கு. இந்தத் தடவ அத வச்சு ஒப்பேத்துவோம். அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாதம்! அவருக்கு அது ஒரு மாதம். எனக்கு அது வருடக் கணக்கு. கமிட்டிக்காரரிடம் போய் என் கணவர் ஊருக்கு வருகிற கதையைச் சொல்ல முடியுமா? ஆனால் நர்ஸ் அக்காவுக்குத் தெரியும். சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வளைகுடாவில் இருக்கிற ஒருவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது எங்கள் ஊரில் வீட்டுக்காரிக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

"உனக்க ஷெட்டில மாவு இருக்கா?" என்று கேட்டார் நர்ஸ் அக்கா.

"பொடி இருக்கு. காய்ச்சணும். ஆனா செய்தாலும் ரெண்டு நாளு காயணும் அக்கா. நாளைக்கு எப்பிடி?"

"காயுத வரைக்கும் காயட்டு. எழும்பு."

அன்று மத்தியானம் என் ஷெட்டில் சங்கத்துப் பெண்கள் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவர் அடுப்பில் மாவைக் கிண்டினார். அடிபிடிக்காமல் கிண்டுவதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அச்சுக்கு முன்னால் நான் நின்றேன். காலையில் வெந்நீர்க் கழுவலில் சேராத வேறொரு பெண் தூரிகையால் மெழுகு பூசினார். சில வீடுகளிலிருந்து மேசை விசிறிகள் வந்தன. நர்ஸ் அக்கா மட்டும் ஒன்றும் செய்யாமல் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் கை கழுவினார்கள், யார் தலையைச் சொறிந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரைத் திரும்பக் கழுவ அனுப்பினார்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் அச்சைப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன், மின்விசிறியின் இறக்கை சுற்றுகிறதா என்று பார்ப்பேன். கை தன்போக்கில் வேலை செய்தது. நடுவில் அத்தான் கூப்பிட்டார். போனை மாவுக் கையால் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"எல்லாம் செரியாட்டு இருக்கா?" என்றார்.

"செரியாட்டு இருக்கு."

"உள்ள என்ன சத்தம்?"

"சங்கத்துப் பெண்ணுங்க பாக்க வந்திருக்காங்க."

"செரி. நீ பதறாத, கேட்டியா? நடந்தாலும் செரி, நடக்காட்டாலும் செரி."

நடக்காவிட்டால் எப்படிச் சரியாகும் என்று எரிச்சலாக வந்தது. வேலை கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மழை பெய்யவில்லை. இருட்டுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டோம். வருகிறவர்களுக்குப் போதுமான அளவு இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் அவை முந்தினவற்றைப்போல இல்லை. விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போனது. ஈரம் முழுக்க வெளியேறாத கிண்ணம் ரசத்தை எத்தனை நிமிடம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கக் காலமும் இல்லை, கூடுதல் கிண்ணமும் இல்லை.

ஞாயிறு காலை வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, கிண்ணங்கள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பிரசங்கம் எதைப்பற்றி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன். போதகரிடம் முன்பே கெஞ்சியிருந்தேன், ஒவ்வொரு வரிசைக்கும் அப்போதைக்கப்போது ஊற்றுங்கள் என்று. அவர் அப்படியே செய்தார். அதனால் ஆராதனை நீண்டது. பின்னாலிருந்து யாரோ கொட்டாவி விட்டார்கள். மற்ற சபைகளிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

முதல் வரிசை எழுந்து போயிற்று. கை நடுங்குகிற ஒரு பெரியவர் கிண்ணத்தை முழு முஷ்டியால் பிடித்தார். கிண்ணம் வாழைப்பழமாக நசுங்கப் போகிறது, ரசம் அவர் சட்டையில் வழியப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் எழுந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். சட்டை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. என் முறை வந்தது. முழங்கால் படியிட்டுக் கிண்ணத்தை வாங்கினேன். ஆண்டவருடைய பாடுகளை நினைக்க வேண்டிய நேரத்தில் கிண்ணத்தின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அவர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

எனக்குப் பக்கத்தில் நர்ஸ் அக்கா. அவர் கிண்ணத்தின் அடியில் ஒரு துளி திரண்டு, சிவப்பாக, அவருடைய வெள்ளை முந்தானையில் விழுந்தது. அவர் சட்டென்று முந்தானையைச் சுருட்டி மறு கையால் மூடிக்கொண்டு, தலை குனிந்தபடியே எழுந்து நடந்தார். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லா வரிசையும் முடிந்தது. கோயில்பிள்ளை வாளியோடு பின்பக்கம் போனார். கடைசிப் பாட்டு. நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். குழி தோண்டிய ஈர மண்ணின் வாசம்தான் வந்தது.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. எனக்கு உள்ளே இடமில்லை, வாசலில் நின்றேன். கொஞ்சநேரத்தில் போதகர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சபை மாதாமாதம் எடுக்கும். வந்திருந்த மற்ற சபைகளும் எடுக்கும். சங்கத் தலைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கிண்ணம் செய்யும்போது சங்கத்தார் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"நாங்க கண்டு செய்தா கழுவண்டாம்" என்றார் நர்ஸ் அக்கா, போதகருக்குப் பின்னாலிருந்து. பிறகு என் காதருகே வந்து, "ஒரு துளிதான் மக்கா. யாரும் காணல. அடிய இன்னும் கொஞ்சம் கட்டியாட்டு செய்" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துச் சுவர் பக்கம் ஓடினேன். நாற்பதைத் தாண்டியவள் வெள்ளைச் சேலையோடு ஓடுவதை ஊர் பார்த்தது. பார்க்கட்டும். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அத்தான், எடுத்துட்டாங்க! நம்ம சபை மட்டும் இல்ல, வந்த எல்லாரும்! போயி சொல்லுங்க, புதுப்பிக்கலண்ணு சொல்லிட்டு வாங்க!"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அத்தான்?"

"நல்லது மக்கா. ரொம்ப சந்தோஷம்."

"எப்பம் டிக்கெட்டு போடுவாங்க?"

"நான் வியாழக்கிழமையே ஒப்பு போட்டுட்டேன்."

முதலில் எனக்கு அது விளங்கவில்லை. வியாழக்கிழமை நான் மேசைக்கால்களைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் உண்டுண்ணு சொன்னீங்க."

"உண்டுதான். எனக்குத்தான் பொறுக்க முடியல. ராத்திரி உறக்கமில்ல. வந்து நான் என்ன செய்வேன்? உனக்க ஷெட்டில வந்து நிப்பேனா? வயசும் ஆச்சு. போனா திரும்ப இஞ்ச ஆரு எடுப்பா? உன்ன நம்பாம இல்ல மக்கா. எனக்குப் பயமாக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எல்லாத்தையும் போட்டுட்டு இருந்துருவ."

கோபம் வந்தது. தலைக்குள் நெருப்புப் பிடித்ததுபோலக் கோபம். திட்ட வாயைத் திறந்தேன். அவர் அங்கே ஏதோ ஒரு மொட்டைமாடியில், வெயிலில், வேலை உடுப்போடு நின்றுகொண்டிருப்பார் என்று நினைப்பு வந்தது. எறும்புக்கும் மழைக்கும் மின்சாரத்துக்கும் பயந்தேன். நடுங்கும் கைகளுக்குப் பயந்தேன். அவர் பயப்படுவார் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் கோயில் வாசலில் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். மகளும் அவர்களோடு நின்றாள். நர்ஸ் அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"என்ன சொன்னாரு? எப்பம் வாறாரு?"

சங்கத்தார் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் மகளுடைய முகத்தைப் பார்க்காமல் நர்ஸ் அக்காவின் முகத்தையே பார்த்துச் சொன்னேன்.

"வரல அக்கா."